மச்சான் அடித்த பெயிண்ட்

இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் இருந்த சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மூச்சு வாங்கின. வலது பக்கத்தைப் போட்டால் முன் விளக்கு மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி டக்டக்கென்று அவசரப்பட்டது. பிரேக்கை மிதித்தால் முன்னால் இருந்த இண்டிகேட்டர் இரண்டும் தூக்கத்தில் தட்டி எழுப்பியது போல விழித்துப் பார்த்தன. வைப்பரைப் போட்டால் வைப்பர்தான் ஆடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லால் பாஷாவுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

மத்திகிரி மாட்டுப் பண்ணைக்கு எதிர்ச் சந்தில் லால் பாஷா குடியிருந்தான். வேன் பதினேழு வருஷத்துப் பழசு. அவன் அதற்கு நாலாவது சொந்தக்காரன். பாகலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓசூரில் இருக்கும் ஒரு ஸ்பிரிங் கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு. மார்கழிப் பனியில் எதிரே வருவது மாடா லாரியா என்று தெரியாத காலையில்கூட அந்த வண்டி ஒரு நாளும் லேட்டானதில்லை. ஆட்கள்தான் லேட்டாக வருவார்கள். அப்போது வண்டி தானாகவே இரண்டு தடவை இருமும், அதைக் கேட்டு ஓடி வருவார்கள் என்று பாகலூரில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட வண்டிக்கு வருகிற சனிக்கிழமையோடு எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதி என்கிற சர்டிபிகேட், முடிகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிகளைப் பார்ப்பது வியாழக்கிழமை மட்டும். வியாழக்கிழமை பாஸாகி, அந்தக் காகிதத்தைக் கம்பெனியில் கொடுத்தால் டிரிப் அவனுக்கு. கொடுக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து தங்கதுரையின் புது வேன். தங்கதுரை ரொம்ப மரியாதையான ஆள். ஒரு வாரமாகவே கம்பெனி கேட்டுக்கு எதிரே தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, லால் பாஷாவைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

எஃப்.சி.க்குப் போகும் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்காமல் கொண்டுபோகிற பழக்கம் அந்த வட்டாரத்தில் கிடையாது. என்ஜின் இல்லாமல்கூடப் போவார்கள், பெயிண்ட் இல்லாமல் போக மாட்டார்கள். வழக்கமாக லால் பாஷாவின் வேனுக்குப் பெயிண்டர் வெள்ளைச்சாமி அடிப்பான். ஒரே நாள் வேலை. தூசி, புழு, காய்ந்த இலை எல்லாவற்றுக்கும் மேலேயே அடித்துவிடுவான். ஒரு தடவை பின் கதவில் உட்கார்ந்திருந்த பல்லிக்கும் சேர்த்து அடித்ததில் அது அடுத்த எஃப்.சி. வரைக்கும் அங்கேயே நீல நிறத்தில் இருந்தது.

இந்த வருஷம் வெள்ளைச்சாமிக்கு வேலை இல்லாமல் போயிற்று. லால் பாஷாவின் மனைவி ஃபகருன்னிசாவின் அண்ணன் ரசூல் நான் அடிக்கிறேன் என்று வந்துவிட்டான். ஆறு வருஷத்துக்கு அப்புறம் வந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ரசூல் தன் வீட்டுக் கதவுக்குத் தானே பெயிண்ட் அடித்து எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது லால் பாஷா அந்தக் கதவைப் பார்த்து, ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான். அன்றைக்கு நின்றுபோன பேச்சு.

ரசூல் ஓசூரில் மோட்டார்களுக்கு மேல்கூடு செய்கிற ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் இருந்தான். சும்மா ஆள் இல்லை. ஒரு கூட்டின் மேல் கொசு உட்கார்ந்து எழுந்த தடம் தெரிகிறது என்று இருநூறு கூடுகளைத் திருப்பி அனுப்பியவன். அந்த வருஷம் கம்பெனியில் தரத்துக்கான பரிசு என்று ஆறு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அதில் ஒன்றில் கீறல் இருந்ததால் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஸ்பிரிங் கம்பெனிக்கு லீவு விட்டிருந்த மூன்று நாளும் வேன் ரசூல் கையில்தான் இருந்தது. விளக்குகள், பம்பர், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கழற்றி வைத்தான். துருவைத் தேய்த்தான். பிரைமர் ஒன்று, அதற்கு மேல் நீலம் மூன்று கோட்டிங், அதற்கும் மேல் கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங். வெளியே தெரிகிற இடம் மட்டும் அல்ல. விளக்கு உட்காரும் குழி, ஆணி போகிற துளை, துளையின் உள்சுவர், அடியில் சேஸிஸ், எதையும் விடவில்லை. பிறகு பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்று ஒவ்வொரு விளக்குக்கும் அடியில் புது ரப்பர் வாஷர் வைத்து, தன் கையாலேயே மாட்டி முடுக்கினான். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அது அவன் டிபார்ட்மெண்ட் இல்லை.

அவன் போன பிறகுதான் லால் பாஷா சுவிட்சைப் போட்டுப் பார்த்ததும், வண்டி மூச்சு வாங்கியதும்.

வீட்டுக்குள் போய்ச் சொன்னான். ஃபகருன்னிசா கொள்ளுக் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள், கரண்டியோடு திரும்பினாள்.

"ஏங்க, ஆறு வருஷம் கழிச்சி எங்கண்ணன் இந்த வாசப்படிய மிதிச்சிருக்குது. வெளக்கு எரியலன்னா வெளக்குக்காரனப் பாருங்க. பெயிண்ட்டப் பத்தி ஒரு வார்த்த உங்க வாயில இருந்து வரக்கூடாது."

"நல்ல பெயிண்ட்டுன்னுதான சொல்லப் போறன்."

"அதக்கூடச் சொல்லாதீங்க. நீங்க நல்லாருக்குதுன்னு சொன்னாலும் கேலி பண்ற மாதிரிதான் இருக்கும்."

திங்கட்கிழமை காலை டிரிப்பை முடித்துவிட்டு லால் பாஷா கிருஷ்ணப்பனைக் கூட்டி வந்தான். பாகலூர் ரோட்டு முக்கில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வாடிக்கைக்காரரிடம் தமிழ். வேலை சரியாக நடந்தால் தமிழிலேயே முடித்துக் கொடுத்துவிடுவான். எரிச்சல் வந்தால் கன்னடத்துக்குப் போவான். தெலுங்குக்கு வந்துவிட்டான் என்றால் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் தமிழில்தான் ஆரம்பித்தான். இது விளக்கைச் சிமிட்ட வைக்கிற பிளாஷர் போனது என்று சொல்லி, டப்பி மாதிரி இருந்த அந்தச் சாமானைக் கழற்றிப் புதுசு போட்டான். வண்டி முன்னை மாதிரியே மூச்சு வாங்கியது. பல்பு என்று சொல்லி நாலு பல்பையும் மாற்றினான். இந்தத் தடவை மூச்சு கொஞ்சம் வெளிச்சமாக வாங்கியது. கழற்றிய பழைய பல்புகளைப் பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தால் நாலும் கோயில் விளக்கு மாதிரி எரிந்தன. கிருஷ்ணப்பன் மத்தியானம் கன்னடத்தில் டீ கேட்டான்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ரசூல் வந்தான். கையில் டார்ச் லைட்டும் ஒரு மஞ்சள் துணியும். விளக்கை எதற்குக் கழற்றுகிறார்கள் என்று கேட்டான். எஃப்.சி.க்காகப் பல்பைத் துடைக்கிறோம் என்றான் லால் பாஷா. நல்ல பழக்கம் என்று ரசூல் ஒப்புக்கொண்டு, கிருஷ்ணப்பனின் ஸ்குரூ டிரைவர் நுனிக்கு ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிட்டான். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து டார்ச் அடித்துப் பார்த்தான். எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு யாரும் வண்டி மேல் சாயக்கூடாது என்று ஃபகருன்னிசாவிடம் சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணப்பன் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சுவிட்சைப் பிரித்தான். பிரித்ததும் உள்ளே இருந்த ஸ்பிரிங் ஒன்று துள்ளிக் குதித்துக் காணாமல் போயிற்று. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் தரையில் தவழ்ந்தார்கள். வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஃபகருன்னிசா, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டில், களிக்கு ஊற்றிய அவரைக் குழம்பில், லால் பாஷாவின் கடைவாய்ப் பல்லுக்கு அது அகப்பட்டது. கழுவிப் போட்டார்கள். சுவிட்ச் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. விளக்குதான் எரியவில்லை.

பிறகு ஒயரிங்கை அவிழ்த்தான். ஒவ்வொரு சொந்தக்காரன் காலத்திலும் ஒவ்வொரு கலர் டேப் சுற்றியிருந்தது. கறுப்புக்கு அடியில் சிவப்பு, அதற்கு அடியில் வெள்ளைத் துணி டேப், அதற்கும் அடியில் யாரோ ஒளித்து வைத்த அரை பீடி. ஒரு பச்சை ஒயர் டாஷ்போர்டிலிருந்து கிளம்பி, டிரைவர் சீட்டுக்கு அடியில் போய், பின் கதவு வரை ஒரு சுற்று சுற்றி, மறுபடி டாஷ்போர்டுக்கு வந்து தன் மேலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றது. எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. கிருஷ்ணப்பன் எழுந்து நின்று அதற்கு ஒரு கும்பிடு போட்டான்.

மூன்று மணிக்கு வெறுத்துப்போய்ப் பின் விளக்கு ஒன்றைக் கழற்றிக் கீழே கோணிச் சாக்கில் வைத்தான். வண்டியிலிருந்து வருகிற கரண்ட் ஒயரை அதில் கொடுத்து, இன்னொரு ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து விளக்கின் உடம்பில் வைத்தான். விளக்கு அழகாகச் சிமிட்டியது. வண்டியில் மாட்டினான். செத்தது. சாக்கில் வைத்தான். சிமிட்டியது. வண்டியில் மாட்டினான். செத்தது. இப்படி ஏழு தடவை.

எட்டாவது தடவை ஸ்குரூ டிரைவர் நுனியில் ரசூல் கட்டிய துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு, ஆணித் துளைக்குள் விட்டு ஒரு திருகு திருகினான். நீலப் பெயிண்ட் ஒரு பொட்டு உதிர்ந்தது. உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது. விளக்கை அதில் ஒட்டவைத்துப் பிடித்தான். சிமிட்டியது.

கிருஷ்ணப்பன் தமிழுக்குத் திரும்பி வந்தான்.

"பாய், கரண்ட்டு வர்றதுக்குத்தான் ஒயரு. திரும்பிப் போறதுக்கு வண்டியோட பாடிதான் ஒயரு. அதத்தான் எர்த்துங்கறது. ஒங்க மச்சான் இரும்பே கண்ணுல படாம அடிச்சி மூடிட்டாரு, ரப்பர வேற வெச்சிட்டாரு. வந்த கரண்ட்டு திரும்பிப் போவ வழியில்லாம கண்டவன் வூட்டுக்குள்ள பூந்து போயிக்கினு இருக்குது. முன்னாடி ரெண்டுல ஆணி மரை கொஞ்சம் கடிச்சிருக்குது, அதான் அதுங்க அரைகுறையா எரியுதுங்க. நாலு எடத்துல சொரண்டுனா அரை மணி நேர வேல."

"சொரண்டுனா?"

"ரப்பரத் தூக்கிப் போட்டுட்டு, வெளக்கு ஒக்கார்ற எடத்துல பெயிண்ட்ட எடுக்கணும்."

லால் பாஷா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஃபகருன்னிசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அண்ணனுக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்த கறியை மூடி வைக்க உள்ளே போனாள். அவள் பேசியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அதற்குள் சந்து முனையில் டார்ச் லைட்டும் கையுமாக ரசூல் தெரிந்தான். உதிர்ந்த பெயிண்ட் பொட்டை லால் பாஷா செருப்பால் மூடிக்கொண்டு, பத்து நிமிஷம் அதே இடத்தில் அசையாமல் நின்று மச்சானோடு பேசினான்.

அன்றைக்கு ரசூல் ஒரு நல்ல செய்தி கொண்டு வந்திருந்தான். புதன், வியாழன் இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டானாம். எஃப்.சி. முடிகிற வரைக்கும் வண்டியை விட்டு நகரப் போவதில்லையாம்.

புதன்கிழமை காலை டிரிப்பிலிருந்து லால் பாஷா திரும்பியபோது ரசூல் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணப்பன் வேறு யோசனையோடு வந்தான். சுரண்டாமலே, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு ஒயரை நேராகப் பேட்டரிக்கு இழுத்துவிடலாம். ரசூல் உள்ளே தங்கையோடு பேசப் போன நேரம் பார்த்து நாலு ஒயரையும் பாடியோடு டேப் போட்டு ஒட்டி இழுத்துவிட்டான். நாலு விளக்கும் எரிந்தன. லால் பாஷாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் ரசூல் வெளியே வந்துவிட்டான். பெயிண்ட் மேல் டேப்பைப் பார்த்ததும் அவன் கோபப்படவில்லை. டேப்பின் பசை பெயிண்டைத் தின்றுவிடும் என்று பொறுமையாக விளக்கி, நகத்தால் ஓரம் ஓரமாகக் கிளப்பி, நாலு ஒயரையும் எடுத்து, பூணூல் மாதிரி அழகாகச் சுருட்டிக் கிருஷ்ணப்பன் கையில் கொடுத்தான். கிருஷ்ணப்பன் அந்தச் சந்திலேயே அதுவரை யாரும் கேட்டிராத ஒரு தெலுங்கு வார்த்தையைச் சொன்னான். மாட்டுப் பண்ணையில் இரண்டு மாடு எழுந்து நின்றன.

கடைசியில் லால் பாஷாவே ஒரு வழி கண்டுபிடித்தான். எஃப்.சி.க்கு முன்னால் டிரையல் ஓட்டிப் பார்க்க வேண்டும், சூளகிரி வரை போய்வரலாம் என்றான். டிரையல் என்ற வார்த்தை ரசூலுக்குப் பிடித்திருந்தது. தானும் ஏறிக்கொண்டான். கிருஷ்ணப்பனும் பையோடு பின்னால் ஏறினான். சூளகிரி போய்ச் சேரும்போது மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரம் சரியாக இருந்தது, அப்படி இருக்கும்படி லால் பாஷா மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போயிருந்தான். நீங்கள் முதலில் போய்த் தொழுதுவிட்டு வாருங்கள் மச்சான், நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன், அப்புறம் நான் போகிறேன் என்றான். பெயிண்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பது ரசூலுக்கும் நியாயமாகப் பட்டது.

அவன் பள்ளிவாசல் படியேறியதும் கிருஷ்ணப்பன் பாய்ந்தான். வலது பின் விளக்கு, வலது முன் விளக்கு, இடது முன் விளக்கு. கழற்றினான், ரப்பரை எறிந்தான், கத்தியால் கரகரவென்று சுரண்டினான், மாட்டினான். பள்ளிவாசலுக்குள் ஆள் தொழுதுகொண்டிருக்கும்போது வெளியே அவனுக்குத் துரோகம் செய்கிறோமே என்று லால் பாஷா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. இடது பின் விளக்குக்கு வந்தார்கள். அதன் ஆணித் தலையின் பள்ளத்தையே பெயிண்ட் நிரப்பி மூடியிருந்தது. ஸ்குரூ டிரைவர் வழுக்கியது. இன்னொரு தடவை வழுக்கியது. ரசூல் தலைத் துணியை மடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான்.

அதோடு அது நின்றது. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவன் வண்டியை விடவில்லை. பனி இறங்கினால் பெயிண்ட் வியர்க்கும் என்று சொல்லி வேனுக்குள்ளேயே படுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை எஃப்.சி. மைதானத்தில் பதினேழு வண்டிகள் நின்றன. லால் பாஷாவினுடையது பதினொன்றாவது. நாலில் மூன்று எரிகிறதே, அந்த ஒரு மூலையை இன்ஸ்பெக்டர் பார்க்காமல் விட்டுவிடக்கூடாதா என்று அவன் வேண்டிக்கொண்டே நின்றான். இன்ஸ்பெக்டர் ஒல்லியான, அமைதியான மனிதர். வண்டியைப் பார்த்ததும் நின்றார். விரலால் தடவிப் பார்த்தார். பதினேழு வருஷத்து வண்டியா என்று மறுபடி கேட்டார். இந்த மாதிரி பெயிண்டைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். ரசூல் மூன்று நாளாகச் சிரிக்காதவன், கொஞ்சம் சிரித்தான்.

ஹாரன், வைப்பர், பிரேக், எல்லாம் சரி. வலது இண்டிகேட்டர். முன்னும் பின்னும் சிமிட்டியது. இடது போடு என்றார். முன் விளக்கு டக்டக்கென்று அவசரப்பட்டது. பின்னால் போய் நின்றார். இடது மூலை இருட்டாக இருந்தது. வலது மூலைச் சிவப்பு விளக்கு மங்கலாக மூச்சு வாங்கியது.

அவர் கத்தவில்லை. எல்லா வண்டியையும் பார்த்து முடிக்கிற வரைக்கும் நேரம் இருக்கிறது, சரி பண்ணிக்கொண்டு கடைசி வண்டியாக வா, இல்லாவிட்டால் அடுத்த வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டு அடுத்த லாரிக்குப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை தங்கதுரைக்குத்தான் உதவும். லால் பாஷா மைதானத்தைச் சுற்றிப் பார்த்தான். கூட வந்திருந்த கிருஷ்ணப்பன் ஸ்குரூ டிரைவரைப் பையிலிருந்து எடுத்து, ரசூலைப் பார்த்து, மறுபடி பைக்குள்ளேயே போட்டுவிட்டான். இன்னும் ஆறு வண்டி.

"மச்சான்," என்றான் லால் பாஷா. "ஒண்ணு சொல்றன். கோவிச்சுக்கினாலும் சரி. வெளக்கு எரியாததுக்குக் காரணம் பெயிண்ட்டு. ரொம்ப நல்லா அடிச்சிட்டீங்க. அதான் காரணம்."

ரசூல் அவனைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான்.

"எர்த்தா?"

"ஆமா."

"எப்பத் தெரிஞ்சிது?"

"செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழம," என்றான் ரசூல். மஞ்சள் துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "மாப்ளே, எங்க பெயிண்ட் ஷாப்புல காலையில போனதும் மொத வேல என்னா தெரியுமா? கொக்கி சொரண்டறது. சாமானத் தொங்கவுடற கொக்கி. எங்களுது பவுடர் பெயிண்ட்டு, கரண்ட்டுலதான் ஒட்டும். முந்தின ஷிப்ட்டுப் பெயிண்ட்டு கொக்கில ஒட்டிக்கினு இருந்தா எர்த்து கெடைக்காது. எர்த்து கெடைக்கலன்னா பவுடரு சாமான்ல ஒக்காராது, பறந்து வந்து நம்ம மூஞ்சில ஒக்காரும். பதினோரு வருஷமா தெனம் நானூறு கொக்கி சொரண்டறன். எங்கிட்டப் போயி எர்த்து இல்லன்னு சொல்றதுக்கு மூணு நாளு பயந்துக்கினு இருந்தீங்களா?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு ஒங்க தங்கச்சி..."

"கோவிச்சுக்குவன்தான். கோவிச்சுக்கினே சொரண்டியிருப்பன்."

கிருஷ்ணப்பனிடம் கையை நீட்டினான். கத்தியும் ஸ்குரூ டிரைவரும் வந்தன. ஆணித் தலையில் இருந்த பெயிண்டைக் கத்தி நுனியால் நெல்லிலிருந்து உமி எடுப்பது போல எடுத்தான். ஆணி இரண்டே திருகில் வந்தது. தானே வைத்த ரப்பர் வாஷரைத் தானே தூக்கி எறிந்தான். பத்துப் பைசாவை வைத்துக் கோடு கிழித்த மாதிரி ஒரு வட்டம், அதற்கு ஒரு மயிரிழைகூட வெளியே போகாமல் சுரண்டினான். விளக்கை மாட்டினான். இடது பின் மூலை பளிச்சென்று சிமிட்டியது. எல்லாம் ஐந்து நிமிஷம். இன்னும் நாலு வண்டி பாக்கி.

அதோடு விட்டிருக்கலாம். வலது பக்கம் மட்டும் எப்படி எரிந்தது என்று ரசூலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போய் அந்த விளக்கைக் கழற்றினான். கிருஷ்ணப்பன் சூளகிரியில் அவசரமாகச் சுரண்டிய இடம், குழியைத் தாண்டி நீலத்தில் நாலு விரல் அகலத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"இது யாரு வேல? எலியா?"

கிருஷ்ணப்பன் வானத்தைப் பார்த்தான். முன் விளக்கு இரண்டையும் ரசூல் கழற்றினான். அதுவும் அப்படியே. இதற்கு முன்னால் அவனுக்கு வந்தது கோபமே இல்லை என்று லால் பாஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெயிண்டைச் சுரண்டியதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோணலாகச் சுரண்டியதைப் பற்றித்தான் பேசினான். ஓரம் பிசிறு, ஆழம் ஒரே மாதிரி இல்லை, இதில் தண்ணீர் நின்றால் ஆறு மாதத்தில் துரு. மூன்றையும் ஒழுங்கு பண்ணாமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்றான்.

"மச்சான், நாலு வெளக்கும் எரிஞ்சிது. அப்புடியே மாட்டிக்கினு போலாம்."

"எரிஞ்சா ஆச்சா?"

"ஆச்சு மச்சான். எஃப்.சி.க்கு அவ்வளவுதான்."

"அதான் மாப்ளே நீங்க நாலாவது சொந்தக்காரரா இருக்கீங்க," என்றான் ரசூல். குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் பதினைந்தாவது வண்டியைப் பார்த்தார். ரசூல் ஒரு வட்டத்தை முடித்தான். பதினாறாவது வண்டிக்கு ஹாரன் அடிக்கவில்லை, அதில் கொஞ்சம் நேரம் கிடைத்தது. இரண்டாவது வட்டம். பதினேழாவது ஒரு புது டிராக்டர், அதில் பார்க்க ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். மைதானத்தை ஒரு தடவை பார்த்தார். நிழலில் இருந்த தன் பையை நோக்கி நடந்தார். மூன்றாவது வட்டத்தில் ரசூல் உட்கார்ந்து ஊதித் தூசி தட்டிக்கொண்டிருந்தான். லால் பாஷாவின் பொறுமை அங்கேதான் அறுந்தது. அவன் ஓடிப்போய் இன்ஸ்பெக்டரின் பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். கொடுக்கவும் இல்லை, ஓடவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். பிறகு வேனுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தார். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று கேட்டார்.

"சுத்தமா செய்யறான் சார்," என்றான் லால் பாஷா. அழுகிற குரலில் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் வந்து ரசூலின் தலைக்கு மேலே நின்று அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரசூல் நிமிரவில்லை, வெளிச்சத்தை மறைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னான். அவர் நகர்ந்து நின்றுகொண்டார். விளக்கு மாட்டியானதும் வலது, இடது, பிரேக் எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் அதனதன் வேலையை மட்டும் செய்தது. பேனாவைத் திறந்தார்.

கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு லால் பாஷா வண்டியை எடுத்தான். நேராகக் கம்பெனி. இரண்டு மணி ஷிப்டுக்குள் கொடுத்துவிடலாம். மைதானத்தை விட்டு இடது பக்கம் திரும்பிப் பெரிய ரோட்டில் ஏறினான். இண்டிகேட்டரை அணைக்கக் கையை வைத்தான்.

"அணைக்காதிங்க மாப்ளே," என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. ரசூல் பின் கதவைத் திறந்து வைத்து, படியில் குத்துக்காலிட்டு, இடது பின் விளக்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிஷத்துக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணுகிறானாம். அவன் கம்பெனியில் எந்தச் சாமானையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார்களாம். கிருஷ்ணப்பன் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

லால் பாஷா சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். இடது பக்கம் சிமிட்டிக்கொண்டே நேராக ஓட்டினான். ஒரு கிளை ரோடு வந்தது, திரும்பவில்லை. இன்னொன்று வந்தது. பின்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய கர்நாடகா லாரி ஒன்று, இவன் இப்போது திரும்புவான், இப்போது திரும்புவான் என்று மூன்று மைலாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. நாலாவது முக்கும் தாண்டியதும் அந்த டிரைவருக்குத் தாங்கவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டு பக்கத்தில் வந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நீ எப்போதுதான் அப்பா திரும்புவாய் என்று கன்னடத்தில் கேட்டான்.

லால் பாஷா கட்டை விரலால் பின்பக்கம் காட்டினான்.

"எங்க மச்சானத்தான் கேக்கணும், அண்ணா."